ஊசிவழி போதை எடுப்பவர் வார்டுக்கு வந்தால்: சேர்க்கை முதல் ஆறாம் மாதம் வரை செய்ய வேண்டியவை

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கத்து மருத்துவமனைகளில் வேலை செய்யும் சிஸ்டர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், ஆலோசகர்கள், களப்பணியாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் 8-ஆம், 9-ஆம் பகுதிகள் உங்களுக்கும் பயன்படும்.

நம் பக்கம் இன்று அதிகம் பார்ப்பது வலிக்குத் தரும் டேபென்டடால் மாத்திரையைத் தூளாக்கித் தண்ணீரில் கலக்கி நரம்பில் ஏற்றும் பழக்கம். வருபவர்களில் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். கையில் சீழ்க்கட்டி, தொடையில் வீக்கம், விடாத காய்ச்சல் என்று வருவார்கள். இரண்டாம் நாள் காலை ரவுண்ட்ஸுக்குள் கட்டில் காலியாகிவிடும். கேஸ் ஷீட்டில் ‘சொல்லாமல் சென்றுவிட்டார்’ என்று ஒரு வரி விழும்.

புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதைத் திமிர் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வேலையின் வரிசை மாறியதுதான். புண்ணைப் பார்த்து, ஆன்டிபயாடிக் போட்டு, ரத்தம் எடுத்து, கடைசியில் ‘பழக்கத்துக்கு மனநல ஓபி பாருங்க’ என்று எழுதுகிறோம். அதற்குள், பழகிய மருந்து கிடைக்காமல் அவருக்கு உடம்பு முறுக்கத் தொடங்கியிருக்கும். அதனால் எதற்குப் பின் எது என்பதில்தான் கவனம் வைத்திருக்கிறேன். மருந்து அளவுகள் புரிதலுக்காகத் தந்தவை. அவரவர் மருத்துவமனையின் நெறிமுறையும் மருத்துவரின் முடிவுமே இறுதி.

1. நோயாளி வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

முதலில் புப்ரெனார்ஃபின். ஊசி போதைக்கு மாற்றாகத் தந்து உடம்பு முறுக்கலை அடக்கும் மருந்து இது. நாக்குக்கு அடியில் வைக்கும் இந்த மாத்திரை சாதாரண மருந்துக்கடையில் கிடைக்காது. போதை மீட்பு சிகிச்சைக்கு அனுமதி பெற்ற இடங்கள் வழியாகத்தான் வரும். ராத்திரி 11 மணிக்கு நோயாளி நடுங்கும்போது இதைத் தேட முடியாது. உங்கள் மனநலப் பிரிவில் இருக்கிறதா, சாவி யாரிடம், ராத்திரி டியூட்டியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரு சாதாரண நாளில் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனை என்றால் அருகிலுள்ள அரசு மனநலப் பிரிவோடு முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

இரண்டாவது நலாக்ஸோன். ஓபியாய்டு (டேபென்டடால் போன்ற அபின் வகை மருந்து) அளவு மீறி மூச்சு நின்றுபோகும்போது அதை முறிக்கும் ஊசி. எமர்ஜென்சி ட்ரேயில் இருக்க வேண்டிய பொருள். காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை பாருங்கள். அரிதாகவே எடுப்பதால் தேதி போனதே தெரியாமல் கிடக்கும்.

மூன்றாவது ‘கவ்ஸ்’ தாள். ஓபியாய்டு இல்லாததால் வரும் வித்ட்ராயலை 11 அறிகுறிகளைப் பார்த்து மதிப்பெண் போடும் ஒரு பக்கத் தாள் இது. நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணி விரிவு, கொட்டாவி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்போக்கு எல்லாம் அதில் வரும். ஐந்து நிமிட வேலை. நாலு பிரதி எடுத்துக் கேஸ் ஷீட் கட்டோடு வையுங்கள்.

அப்புறம் தொலைபேசி எண்கள்: எச்ஐவி உதவிக்கு 1097, போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல உதவிக்கு 14416, தமிழக மருத்துவ உதவிக்கு 104. இவற்றோடு உங்கள் மாவட்டத்தில் எச்ஐவி பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையம், எச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையம், புப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்து தரும் மையம், அரசு மருத்துவமனைகளில் 2025-இல் தொடங்கிய ‘கலங்கரை’ போதை மீட்பு மையம் ஆகியவற்றின் ஓபி நாள், நேரம், அங்கே பேச வேண்டியவர் யார் என்பதையும் குறித்துவையுங்கள். எண் மட்டும் இருந்தால் போதாது, ஆள் தெரிய வேண்டும்.

திருப்பூர், பல்லடம், பெருந்துறை பக்கம் என்றால் இந்தியும் ஒடியாவும் பேசும் ஒருவரையும் கண்டுபிடித்துவையுங்கள். பனியன் கம்பெனித் தோழனை மொழிபெயர்க்க வைத்தால் நோயாளி உண்மையைச் சொல்ல மாட்டார். மறுநாள் அது லைன் வீடு முழுக்கத் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

2. முதல் பேச்சு: கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு

அம்மா பக்கத்தில் நிற்கும்போது ‘ஏதாச்சும் பழக்கம் உண்டா?’ என்று கேட்டால் ‘இல்லைங்க’ என்றுதான் வரும். அந்த ‘இல்லை’ கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால் மூன்று நாள் அப்படியே நிற்கும். ‘டிரஸ்ஸிங் பண்ணணும், கொஞ்சம் வெளியே இருங்கம்மா’ என்று அனுப்பிவிட்டுத் திரையை இழுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியையும் மாற்ற வேண்டும். ‘தம்பி, கடைசியா எப்போ போட்டீங்க?’ என்று நேராகக் கேளுங்கள். தழும்பைப் பார்த்தாலே தெரிகிறது, அதற்காகத் திட்டப்போவதில்லை என்பது அந்த ஒரு கேள்வியிலேயே அவருக்குப் புரிந்துவிடும். பிறகு என்ன மருந்து, ஒரு நாளைக்கு எத்தனை, எந்த இடத்தில், ஊசியையோ கலக்கிய தண்ணீரையோ யாரோடாவது பகிர்ந்தாரா, தனியாகப் போடுவாரா, கூடவே தூக்க மாத்திரை, நரம்பு வலிக்குத் தரும் பிரீகாபலின், சாராயம் உண்டா என்று வரிசையாகப் போங்கள்.

சாராயக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். டாஸ்மாக் சரக்கும் சேர்த்து எடுப்பவருக்குக் குடி நின்ற 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அதற்கும் பிறகு மனக்குழப்பத்தோடு நடுக்கம் வரலாம். ஓபியாய்டு வித்ட்ராயல் ஆளைப் படுத்தி எடுக்கும், ஆனால் தனியாக அதனால் உயிர் போவது அரிது. குடி நின்றதால் வருவது அப்படியல்ல. இரண்டுக்கும் மருந்து வேறு. குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) போடவும் இந்தத் தகவல் தேவை.

போலீஸ் பயத்தை அவர் வாயைத் திறக்கும் முன் நாமே பேசிவிடுவது நல்லது. ஊசி போட்ட இடத்தில் சீழ் வைத்தது ஒரு நோய், அதற்குச் சிகிச்சைதான் நடக்கிறது என்று சொல்லுங்கள். அளவு மீறி மயங்கி வந்தவரைப் பொதுவாக எம்எல்சியாக, அதாவது போலீசுக்குத் தகவல் போகும் மருத்துவ-சட்ட கேஸாகப் பதிவார்கள். அதை மறைக்காமல், அது என்ன, என்ன நடக்கும் என்று விளக்குங்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. பயன்பாடு அல்லது சிறிய அளவு தொடர்பான குற்றம் சாட்டப்பட்டவர், அடிமைப்பட்டவராக இருந்து, தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு கேட்க வழி உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போகலாம். அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கேஸ் ஷீட்டில் எழுதும் சொல்லும் முக்கியம். ‘போதை ஆசாமி’, ‘அடிக்ட்’ என்று முதல் பக்கத்தில் இருந்தால் அடுத்த ஷிப்ட் அதைப் படித்துவிட்டுத்தான் கட்டிலுக்கு வரும். ‘டேபென்டடால் ஊசிவழி எடுக்கிறார், கடைசி முறை நேற்று இரவு 9’ என்று எழுதுங்கள். வேலைக்கு உதவுவது அந்த நேரம்தான்.

3. வித்ட்ராயலை முதல் ராத்திரியே கவனியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கடைசி ஊசிக்குப் பின் ஏறக்குறைய 8 முதல் 12 மணி நேரத்தில் கொட்டாவியும் மூக்கு ஒழுகலும் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். கை கால் குடைச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமே இல்லாமை. வெளியே ஒரு போன் போட்டால் அரை மணியில் தீரும் வேதனையை அவர் வார்டில் படுத்துத் தாங்கிக்கொண்டிருக்கிறார். எழுந்து போவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

நோயாளியைச் சேர்த்தவுடன் கவ்ஸ் மதிப்பெண்ணை ஒருமுறை போடுங்கள், பிறகு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. புப்ரெனார்ஃபினை எப்போது தொடங்குவது என்று சொல்வது இந்த எண்தான். மதிப்பெண் 8 முதல் 12-ஐத் தொடும்வரை காத்திருப்பது வழக்கம். உடம்பில் பழைய மருந்து இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போது அவசரப்பட்டுக் கொடுத்தால் புப்ரெனார்ஃபின் அதைத் தள்ளிவிட்டு அதனிடத்தில் உட்காரும். ஒரு மணி நேரத்துக்குள் கடுமையான வித்ட்ராயல் வந்துவிடும். ஒருமுறை அப்படி ஆனவர் அந்த மாத்திரையை அப்புறம் ஜென்மத்துக்கும் தொட மாட்டார், கூட்டாளிகளிடமும் சொல்லிவைப்பார்.

முதல் அளவு பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிகிராம். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து, தேவை என்றால் இன்னும் கொஞ்சம். முதல் நாளில் மொத்தம் 8 மில்லிகிராம் வரை போவது உண்டு. டேபென்டடால் மட்டும் எடுத்தவருக்குக் குறைந்த அளவே போதுமானதாக இருப்பதும் உண்டு.

இங்கே சிஸ்டர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று. மாத்திரையைக் கையில் கொடுத்துத் தண்ணீரும் கொடுத்துவிடுகிறார்கள். விழுங்கினால் மிகக் குறைந்த பங்குதான் ரத்தத்துக்குப் போகும். வாயை முதலில் ஈரப்படுத்தச் சொல்லி, நாக்குக்கு அடியில் வைத்து, முழுதாகக் கரையும்வரை ஐந்து பத்து நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். பேச வேண்டாம், எச்சில் விழுங்க வேண்டாம். கரைந்ததை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். இது அவரைச் சந்தேகப்படுவதற்காக இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் முகம் சுளிக்க மாட்டார்.

புப்ரெனார்ஃபின் அன்றிரவு கிடைக்கவே இல்லை என்றால் சும்மா விடாதீர்கள். குளோனிடின், வாந்திக்கு ஆன்டான்செட்ரான், வயிற்றுப்போக்குக்கு லோபெரமைட், உடம்பு வலிக்கு இபுப்ரோஃபென் என்று அறிகுறிக்கு ஏற்ப மருத்துவர் எழுதலாம். குளோனிடின் ரத்த அழுத்தத்தை இறக்கும். ஒவ்வொரு வேளைக்கும் முன் பிரஷர் பார்க்காமல் கொடுக்கக் கூடாது, நோயாளி எழுந்து பாத்ரூம் போகும்போது தலை சுற்றி விழுவார். தூக்கத்துக்கு டயசிபாம் போடும் பழக்கமும் இருக்கிறது. புப்ரெனார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சைக் குறைக்கும் என்பதால் அதைக் கையாளுவதில் கஞ்சத்தனம் நல்லது.

4. நரம்பு, ரத்தம், ஆன்டிபயாடிக்: இந்த வரிசையில்

வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) போட எந்த நரம்பு நன்றாக இருக்கிறது என்று அவரையே கேளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் கை யாருக்கும் தெரியாது. அவர் காட்டும் இடத்தில் முதல் குத்திலேயே கிடைத்துவிடும். ஆறு இடம் குத்தி, ‘உனக்குத்தான் நரம்பே இல்லையே’ என்று சொல்லிவிட்டு, பிறகு அவர் ஏன் ஒத்துழைக்கவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. நரம்பே அகப்படாவிட்டால் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

காய்ச்சல் இருந்தால் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் முதலில், ஆன்டிபயாடிக் பிறகு. ஊசிவழி எடுப்பவருக்குக் காய்ச்சல் என்றால் இதய வால்வில் தொற்று இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வலது பக்க வால்வில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி தங்குவதுதான் இவர்களிடம் அதிகம். இருமலும் நெஞ்சு வலியும் வந்து, எக்ஸ்ரேயில் அங்கங்கே திட்டு தெரிந்து, நிமோனியா என்று முடித்துவிடுவது நாம் அடிக்கடி காணும் தவறு. வால்வில் இருந்து பிரிந்து நுரையீரலுக்குப் போன சிறு கட்டிகளாக அவை இருக்கலாம். மூன்று முறை, வெவ்வேறு இடத்தில் கல்ச்சர் எடுத்து, எக்கோ (இதய ஸ்கேன்) எழுதுங்கள். கிளினிக்கில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுவிட்டு வந்திருந்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். அதையும் கேட்டுக் குறியுங்கள்.

தொடையிடுக்கில் வீக்கத்தோடு வந்தால் கத்தியைத் தொடாதீர்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்த பிறகுதான் அடுத்தது. சீழ்க்கட்டி போலவே சிவந்து, சூடாக, வலியோடு இருக்கும். உள்ளே தமனிச் சுவர் கிழிந்து ரத்தம் தேங்கிய வீக்கமாக இருந்தால் கீறிய நிமிடம் ரத்தம் பீறிடும். கால் முழுக்க வீங்கியிருந்தால் சிரையில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்பதையும் அதே ஸ்கேனில் பார்க்கலாம்.

சாதாரண சீழ்க்கட்டியைக் கீறி வடிப்பதுதான் சிகிச்சை. ஆன்டிபயாடிக் மட்டும் போட்டு அனுப்பினால் திரும்ப வரும். கீறுமுன் உடைந்த ஊசி முனை உள்ளே இருக்கிறதா என்று கேட்டு, சந்தேகம் என்றால் எக்ஸ்ரே எடுங்கள், உங்கள் விரலைக் காப்பாற்றும். டெட்டனஸ் தடுப்பூசி போட்ட விவரத்தையும் கேளுங்கள்.

மாத்திரையைக் கரைத்து ஏற்றுபவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மாத்திரையில் மருந்தோடு டால்க், செல்லுலோஸ் போன்ற மாவுப்பொருளும் இருக்கிறது. துணியில் வடிகட்டினாலும் முழுதாகப் போகாது. நரம்பை அடைக்கும், நுரையீரல் நுண்குழாய்களில் போய்த் தங்கும். நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் அதைப் பயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

5. வலிக்கு மருந்து கொடுங்கள்

‘ஏற்கெனவே வலி மாத்திரைக்கு அடிமை, இன்னும் எதற்கு?’ என்ற எண்ணத்தில் சீழ் கீறும்போதுகூட வலி மருந்து குறைத்துக் கொடுப்பதைப் பார்க்கலாம். உடம்பு ஓபியாய்டுக்குப் பழகியவருக்கு வலி கூடுதலாகத் தெரியும், வழக்கமான அளவு போதாது. பாரசிட்டமால், இபுப்ரோஃபென், மரத்துப்போகும் ஊசி எல்லாவற்றையும் முழு அளவில் பயன்படுத்துங்கள். புப்ரெனார்ஃபின் எடுத்துக்கொண்டிருந்தால் ஆபரேஷனுக்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. அதே அளவை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் வலிக்கும் உதவும்.

டிராமடாலும் ஓபியாய்டுதான், டிஸ்சார்ஜ் சீட்டில் வழக்கத்தின் பேரில் அதை எழுதுவது நின்றாக வேண்டும். இன்னொன்றும் சேர்த்துக் கவனியுங்கள்: வழக்கமான மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமிக்கு லினிசோலிட் என்ற ஆன்டிபயாடிக் எழுதும்போது, அதோடு டேபென்டடாலோ டிராமடாலோ சேர்ந்தால் செரட்டோனின் மிகையாகிக் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் வரலாம். வெளியே போய் மறுபடி போட வாய்ப்பிருக்கிறது என்றால் வேறு மருந்து உண்டா என்று மைக்ரோபயாலஜியில் கேளுங்கள்.

6. வார்டில் தங்கவைப்பது

வால்வு தொற்று என்றால் நரம்புவழி ஆன்டிபயாடிக் 4 முதல் 6 வாரம். இருபது வயதுப் பையனை ஜெனரல் வார்டில் ஆறு வாரம் வைப்பது மருந்தால் மட்டும் நடக்காது. போன் சார்ஜ் போட இடம், வேலைக்கு லீவு சொல்ல ஒரு கடிதம், பீடி சிகரெட் பிடிப்பவருக்கு நிக்கோட்டின் சூயிங்கம், சாயங்காலம் அரை மணி வெளியே நடக்க ஒரு வழி. இதெல்லாம் சலுகை என்று சிலர் முணுமுணுப்பார்கள். பாதி வழியில் போய்விட்டு, வால்வு கெட்டுத் திரும்பி வருபவரைப் பார்ப்பதைவிட இது எளிது.

முதல் நாளே பேசி ஒப்புக்கொள்ளுங்கள்: எத்தனை நாள், ஏன் அத்தனை நாள், எது கூடாது, அவசரமாக வெளியே போக வேண்டும் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும். ஊர் மாரியம்மன் நோம்பி அந்த வாரத்தில் வருகிறதா என்றுகூடக் கேட்டுவிடுங்கள். தீர்த்தக்குடம் அன்று ஆள் நிச்சயம் கிளம்புவார். அன்றைய மருந்து வேளையைச் சரிக்கட்டித் தர முடிந்தால் திரும்பியும் வருவார்.

வென்ஃப்ளான் வழியாகவே போட்டுக்கொள்வாரோ என்ற பயம் நியாயமானது. நரம்புவழி மருந்து இல்லாத நேரத்தில் அதை மூடிக் கட்டி, தேதி எழுதி, ஷிப்டுக்கு ஒருமுறை பாருங்கள். வார்டிலேயே போட்டுவிட்டார் என்று தெரிந்தால் முதலில் மூச்சைப் பாருங்கள். அப்புறம் கவ்ஸ் தாளைப் பாருங்கள், பெரும்பாலும் நம் அளவு போதாமல்தான் இருந்திருக்கும். உடனே டிஸ்சார்ஜ் செய்வது தண்டனையாக இருக்குமே தவிர சிகிச்சையாகாது.

எவ்வளவு செய்தாலும் சிலர் கிளம்பத்தான் செய்வார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். வாய்வழி ஆன்டிபயாடிக் எது சரிவரும் என்று மருத்துவரிடம் கேட்டு, மருந்து, டிரஸ்ஸிங் சாமான், அடுத்த ஓபி நாள் எழுதிய சீட்டு மூன்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். ‘எப்போ வேண்டுமானாலும் திரும்பி வாங்க தம்பி’ என்று நாம் சொல்லி அனுப்பினால் அவர் திரும்பி வருவார். திட்டி அனுப்பினால் அடுத்த முறை கால் கறுத்த பிறகுதான் வருவார்.

7. ரத்தப் பரிசோதனைகள்

எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றையும் இந்தச் சேர்க்கையிலேயே முடியுங்கள். எச்ஐவிக்கு ஒப்புதல் கட்டாயம். 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம் அதையும் முடிவை ரகசியமாக வைப்பதையும் உறுதிசெய்கிறது. முடிவைக் கட்டிலில் கூவக் கூடாது, அம்மாவிடம் முதலில் சொல்லக் கூடாது, கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு மையில் எழுதக் கூடாது. முடிவு ‘இல்லை’ என்றாலும் அண்மையில் ஊசி பகிர்ந்திருந்தால் 3-ஆம் மாதம் மறுபடி பார்க்க வேண்டும். பகிர்ந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் 28 நாள் தடுப்பு மருந்து பற்றி ஏஆர்டி மையத்தில் அன்றே கேளுங்கள். டியூட்டியில் ஊசி குத்திக்கொண்ட உங்களுக்கும் இதே கெடுதான். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், பிதுக்காதீர்கள்.

ஹெபடைடிஸ் சி ஊசியால் மட்டும் பரவுவதில்லை. கலக்கிய மூடி, தண்ணீர், வடிகட்டிய பஞ்சு வழியாகவும் பரவும். ‘நான் ஊசி பகிரலைங்க’ என்பவரையும் பரிசோதியுங்கள். ஆன்டிபாடி ‘உண்டு’ என்றால் அடுத்து வைரஸ் அளவு பார்க்க வேண்டும். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சிரோசிஸ் (கல்லீரல் சுருங்கி இறுகுவது) இல்லாதவருக்குப் பொதுவாக 12 வாரம், மாத்திரைதான், பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும். ‘முதலில் பழக்கத்தை விடட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவது தவறு. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவரோடு சேர்ந்து போடுபவர்களுக்கும் பரவுகிறது. குணமான பிறகும் ஆன்டிபாடி ‘உண்டு’ என்றே காட்டும். திரும்பத் தொற்றியதா என்று அறிய வைரஸ் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

ஹெபடைடிஸ் பி இல்லை என்றால் தடுப்பூசியின் முதல் தவணையை வார்டிலேயே போட்டுவிடுங்கள். இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. டிபிக்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் ஹெபடைடிஸ் சி மாத்திரையை அதோடு சேர்த்துத் தர முடியாது, புப்ரெனார்ஃபினின் வேகமும் குறையலாம். எது முதலில் என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கு இரண்டு சீட்டும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும்.

8. வீட்டாரிடம் பேசுவது

நோயாளியிடம் கேட்டுக்கொண்டு பேசுங்கள். எதைச் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘என்ற பையன் இப்படிப் பண்ணுவானாங்க?’ என்று அழும் அம்மாவுக்கும், ‘ஊர்ல தெரிஞ்சா தங்கச்சிக்குக் கல்யாணம் நடக்குமா?’ என்று முகம் இறுகிப்போன அப்பாவுக்கும் முதலில் தேவைப்படுவது, இதற்கு மருந்து உண்டு என்ற தகவல். சர்க்கரைக்குத் தினம் மாத்திரை போடுவதுபோலத்தான் இதுவும், மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். ‘ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?’ என்று கேட்பார்கள். புப்ரெனார்ஃபின் சரியான அளவில் இருப்பவர் வேலைக்குப் போவார், தூங்குவார், ஊசி தேட மாட்டார் என்று நிதானமாக விளக்குங்கள்.

அடுத்து அவர்கள் கேட்பது, ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகும் தனியார் மறுவாழ்வு மையம். அப்படி ஒரு இடத்துக்குப் பணம் கட்டுமுன், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு இருக்கிறதா, மருத்துவர் இருக்கிறாரா, மாற்று மருந்து தருகிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். மருந்தே இல்லாமல் மூன்று மாதம் பூட்டிவைத்து வெளியே விட்டால் உடம்பு பழைய பழக்கத்தை இழந்திருக்கும், மனசு இழந்திருக்காது. பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். மருத்துவமனையில் இருந்து வந்த முதல் இரண்டு வாரத்துக்கும் இதே ஆபத்து உண்டு.

அதனால் வீட்டில் ஒருவருக்காவது இதைக் கற்றுக்கொடுங்கள்: கூப்பிட்டால் எழவில்லை, உதடு நீலம், குறட்டை போல மூச்சு அல்லது மூச்சே இல்லை, கண்மணி ஊசிமுனை அளவு என்றால் உடனே 108. வாயில் தண்ணீர் ஊற்றாமல், முகத்தில் அறையாமல், மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். ஆம்புலன்ஸ் ஊழியரிடம் என்ன போட்டான் என்று மறைக்கக் கூடாது, நலாக்ஸோன் அந்தத் தகவலை வைத்துத்தான் போடுவார்கள். நலாக்ஸோன் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால், எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று வீட்டுக்குக் கூட்டிப்போகவும் கூடாது.

9. டிஸ்சார்ஜ்: மூன்றாம் நாளே தொடங்குங்கள்

டிஸ்சார்ஜ் அன்று காலையில் ‘மாற்று மருந்து மையத்துக்குப் போங்க’ என்று சீட்டு எழுதுவதுதான் இதில் பெரிய ஓட்டை. அந்த மையத்தில் பதிவு, ஆதார் நகல், மருத்துவர் பார்ப்பது எல்லாம் ஆகும் முன் வார்டில் கொடுத்த கடைசி மாத்திரையின் வேகம் முடிந்துவிடும். மூன்றாம் நாளே மையத்துக்குப் போன் போட்டு, முடிந்தால் அங்குள்ள ஆலோசகரை வார்டுக்கு வரவழைத்து முகம் காட்டிவிடுங்கள். பதிவையும் படுக்கையில் இருக்கும்போதே முடியுங்கள். வீட்டுக்குப் போகும் நாள் மையம் திறந்திருக்கும் நாளாக இருக்கட்டும். சனிக்கிழமை மதியம் டிஸ்சார்ஜ் கொடுத்தால் திங்கள் காலை வரை இடைவெளி. சனி பனியன் கம்பெனியில் சம்பள நாளும்கூட.

டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுத வேண்டியவை: புப்ரெனார்ஃபின் கடைசி அளவும் நேரமும், ஆன்டிபயாடிக் எந்தத் தேதி வரை, நிலுவையில் உள்ள ரத்த முடிவுகள், தடுப்பூசி அடுத்த தவணை, டிரஸ்ஸிங் எங்கே. தினமும் டிரஸ்ஸிங்குக்குப் பெருந்துறைக்கோ கோவைக்கோ வரச் சொல்லாதீர்கள். அந்தியூர் மலையில் இருந்தோ வால்பாறையில் இருந்தோ அது ஒரு நாள் கூலி. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துச் சிஸ்டரிடம் பேசிவிட்டு அங்கே எழுதுங்கள். எச்ஐவி முடிவு தனிச் சீட்டில் போகட்டும், எல்லோரும் பார்க்கும் டிரஸ்ஸிங் சீட்டில் வேண்டாம்.

மறுபடி போடுவாரோ என்ற பேச்சைத் தவிர்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் புது ஊசி, தனித் தண்ணீர், தோலைத் துடைப்பது, தொடையிடுக்கைத் தொடாமல் இருப்பது, பழைய அளவில் கால் பங்குக்கு மேல் போகாதது, தனியாக அறையைப் பூட்டிக்கொண்டு போடாதது. இதைச் சொன்னால் போடச் சொன்னதாக ஆகிவிடாது. 1097-இல் கேட்டால் ஊசி மாற்றும் திட்டம் அருகில் எங்கே என்று அறியலாம். எச்ஐவி சட்டத்தின் 22-ஆம் பிரிவு இப்படிப்பட்ட ஆபத்துக் குறைப்புப் பணியைக் குற்றமாக்கவில்லை.

10. முதல் இரண்டு வாரமும் அப்புறமும்

போன் எண் ஒன்று போதாது. சிம் மாற்றுவார்கள், போனை அடகு வைப்பார்கள். அவர் சம்மதித்த இன்னொருவர் எண்ணையும், அழைத்தால் ‘ஆஸ்பத்திரியில் இருந்து’ என்று சொல்லலாமா கூடாதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் ஒரு அழைப்பு, வாரக் கடைசியில் ஒன்று, இரண்டாம் வாரம் ஒன்று. ‘மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?’ என்று விசாரணையில் இறங்காமல் ‘தூக்கம் வருதா, புண் எப்படி இருக்கு?’ என்று தொடங்கினால் பேச்சு நீளும்.

வராமல் போனால் பெரும்பாலும் நேரம்தான் காரணம். ஓபி காலையில், கம்பெனி ஷிப்டும் காலையில். அரை நாள் கூலி போகிறது. முதலில் வந்தவரை முதலில் பார்த்து அனுப்ப மையத்தில் ஏற்பாடு கேளுங்கள். அளவு நிலைத்தவருக்குச் சில நாள் மருந்தை வீட்டுக்குத் தர விதி இடம் தருகிறதா என்றும் கேளுங்கள். பீகார், ஒடிசாவுக்கு ஊருக்குப் போகிறவர் என்றால் ரயில் ஏறுமுன் அங்குள்ள மையத்துக்குக் கடிதம் வேண்டும். டிக்கெட் போட்டதும் சொல்லச் சொல்லிவையுங்கள்.

சில நாள் மாத்திரை விட்டுப்போனவர் வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுவார். வந்தால் எத்தனை நாள் விட்டது, இடையில் என்ன போட்டார் என்று கேட்டு, கவ்ஸ் பார்த்துவிட்டுத்தான் தர வேண்டும். பல நாள் இடைவெளி என்றால் பழைய முழு அளவில் தொடங்குவதில்லை. இடையில் ஊசி போட்டிருந்தால் 3-ஆம் பகுதியில் சொன்ன காத்திருப்பு மறுபடி தேவை.

மாதங்களுக்கான வேலை இவ்வளவுதான்: 1-ஆம் மாதம் ஹெபடைடிஸ் பி இரண்டாம் தவணை, 3-ஆம் மாதம் எச்ஐவி மறுபரிசோதனை, 6-ஆம் மாதம் மூன்றாம் தவணை. ஹெபடைடிஸ் சி மாத்திரை முடித்து 12 வாரம் கழித்து வைரஸ் அளவு. வால்வு தொற்று வந்தவருக்கு, காய்ச்சல் திரும்பினால் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்ளாமல் நேராக வந்து கல்ச்சர் கொடுக்க வேண்டும் என்பதைச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

மீண்டும் சீழோடு வந்தால் பழைய கேஸ் ஷீட்டை எடுங்கள். எந்த நரம்பு கிடைத்தது, எந்த அளவு புப்ரெனார்ஃபின் ஒத்துக்கொண்டது, கல்ச்சரில் எந்தக் கிருமி, வீட்டில் யாரிடம் பேசலாம் எல்லாம் அதில் இருக்கும். போன முறை எந்த இடத்தில் நூல் அறுந்தது என்பதை அவரிடமே கேட்டு அதே தாளில் எழுதுங்கள், இம்முறை டிஸ்சார்ஜ் ஏற்பாட்டை அங்கிருந்து தொடங்கலாம்.